நைனா எந்த லெவலில் இருக்கிறார்

போன வருஷம் என் அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காரணம், நரகம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கிண்டலாக இருந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

முதலில் எனக்கே தெரியாது. பெங்களூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. ஊரிலிருக்கிறவர்கள் கையிலெல்லாம் ஊசியைக் குத்தி, "தண்ணி நல்லா குடிங்க சார், நரம்பே கெடைக்கல" என்று நாள் முழுக்க உபதேசம் செய்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கலாம் என்று கையைக் கட்டினால் நரம்பையே காணோம். மூன்று இடத்தில் குத்தினேன். நாக்கை நீட்டச் சொன்னேன், காய்ந்து வெடித்துக் கிடந்தது. ரிசல்ட் வந்தபோது, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்கிற கிரியேட்டினின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"இன்னாம்மா, தண்ணியே குடிக்கிறது இல்லியா?"

"டீ குடிக்கிறேனே."

"டீ தண்ணியா?"

"அதுல தண்ணி ஊத்தாம பின்ன இன்னாத்த ஊத்தறாங்க?"

காலையில் அரை டம்ளர் டீ. மாத்திரைக்கு ஒரு முழுங்கு. ஒரு மாதமாக அவ்வளவுதான். பொறுமையாகக் கேட்டேன், கத்திக் கேட்டேன், கடைசியில் அழுதுகொண்டே கேட்டேன். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"ஒங்க நைனா அங்க ஒரு சொட்டுத் தண்ணிக்கு நாக்கை நீட்டிக்கினு கீறாரு. நான் இங்க சொம்பு சொம்பா குடிச்சிக்கினு இருக்கறதா?"

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நைனா பௌத்தர். அவர் அப்பா காலத்திலேயே மாறிய குடும்பம். அம்மா கிறிஸ்துவச்சி. பக்கத்து லைனில் இருந்துகொண்டு இவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். லைன் என்றால், நைனா வேலை பார்த்த தங்கச் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகள். கம்பெனி போய்விட்டது, நாங்கள் இன்னும் அதில்தான் இருக்கிறோம். ஐம்பது வருஷம் நைனா ஞாயிறு தவறாமல் அம்மாவைச் சர்ச் வாசல் வரை கொண்டுவந்து விட்டு, வெளியே மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆராதனை முடிந்ததும் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார். உள்ளே வரச் சொல்லி யாராவது கூப்பிட்டால், "வாரத்துக்கு ஆறு நாள் சொரங்கத்துக்கு உள்ள போறேனே, ஏழாவது நாளாவது வெளிய இருக்க வுடுங்க" என்பார்.

நரகத்தைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்துதான் இருந்தது. "பத்தாயிரம் அடி எறங்கிப் பார்த்துட்டேன். அங்க நரகம் இல்ல. இருந்திருந்தா வெள்ளைக்காரன் அங்கியும் ஒரு கிளப்பு கட்டியிருப்பான்." இதை அவர் பந்தியில் சொல்வார், ரேஷன் கடை வரிசையில் சொல்வார், மரத்தடியில் தன்னிடம் துண்டுப் பிரசுரம் நீட்டுகிறவர்களிடமும் சொல்வார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் சிரிப்பாள்.

அவரைத் தகனம் செய்தோம். மாரடைப்பு, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஞானஸ்நானமும் கிடையாது, கடைசி நேரத்து ஜெபமும் கிடையாது.

அதற்கு ஒரு மாதம் கழித்து எங்கள் வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் நடந்தது. அம்மா முன்பெல்லாம் பெரிய சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தவள். முட்டி வலி வந்த பிறகு ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில், ஒரு மொபைல் கடைக்கு மேலே மாடியில் இருக்கிற ஜெபக்கூடத்துக்கு மாறியிருந்தாள். முட்டி வலிக்காரி மாடிப்படி ஏறுகிற சபைக்கு ஏன் மாறினாள் என்று கேட்காதீர்கள், நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். அந்தக் கூடத்துப் பாஸ்டர் எங்கள் ஊர்ப் பையன்தான், என்னைவிட இரண்டு வயது சின்னவன். பள்ளிக்கூடத்தில் மூக்கொழுகிக்கொண்டு திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது வெள்ளைச் சட்டை, காதோடு மாட்டுகிற மைக். எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு. அதற்குள்ளும் மைக் மாட்டிக்கொண்டுதான் பேசினான்.

துக்க வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தவன் ஆறு பஜ்ஜி தின்றுவிட்டு நரகத்தை எடுத்தான். வேதத்தில் ஒரு பணக்காரன் கதை வருகிறதல்லவா, வாசலில் கிடந்த ஏழையைக் கண்டுகொள்ளாமல் செத்துப்போய், நெருப்பில் கிடந்து, அந்த ஏழையின் விரல் நுனித் தண்ணீர் தன் நாக்கில் பட்டால் போதும் என்று கெஞ்சுகிறவன், அதை எடுத்துக்கொண்டான். "சிலர் சொல்றாங்க, அது உவமையாம். அடையாளமாம். இல்லை! நெருப்பு என்றால் நெருப்பு! அடுப்பில் விரலை ஒரு நிமிஷம் வையுங்கள் பார்க்கலாம்!" என்று கத்தினான். எந்த வீட்டிலாவது யாராவது அடுப்பில் விரலை வைத்துப் பார்ப்பார்களா? நைனாவின் போட்டோவை அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அப்போதே எழுந்துபோய் அந்த மைக்கைப் பிடுங்கவேண்டும் போல இருந்தது. துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று கம்மென்று இருந்துவிட்டேன். அப்படிக் கம்மென்று இருந்ததற்குத்தான் அம்மாவின் சிறுநீரகம் பதில் சொன்னது.

விஷயம் தெரிந்ததும் நான் அம்மாவோடு வாதாடினேன்.

"ஒரு தடவை இங்க எரிச்சாச்சு. மறுபடியும் அங்க வேற எரிப்பாங்களா? ஒரே ஆளை எத்தினி வாட்டி?"

அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் கவலை வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது.

"சூடு கூட அவுரு தாங்குவாருடி. அவுரு வேலை செஞ்ச லெவல்ல பாறையைத் தொட்டா கை பொத்துப்பூடும். முப்பது வருஷம் அதுல நின்னவரு. ஆனா சொரங்கத்துல மேலேர்ந்து காத்து வுடுவாங்க. தண்ணி கொண்டுபோவாரு. அவுரு இப்ப கீற எடத்துல அதெல்லாம் கெடையாதாமே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நரகத்துலயும் லெவல் இருக்குமா? அவுரு ரொம்பத் தப்பு ஒண்ணும் பண்ணல. மேல் லெவல்லயே போட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர்க்காரி இல்லாமல் வேறு எவளும் இப்படிக் கேட்டிருக்க மாட்டாள். பூமிக்குக் கீழே ஓர் இடம் என்றால் எங்களுக்கு ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியும், அதிலிருந்து தட்டுத் தட்டாகப் பிரிகிற லெவலும்தான். ஆளை இறக்குகிற கேஜ் கூண்டு ஏற்றவும் வேண்டும், அதுதான் எங்களுக்குத் தெரிந்த நியாயம். இறக்கிவிட்டு ஏற்றவே மாட்டேன் என்கிற நிர்வாகத்தை அம்மாவால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. எனக்கு மட்டும் புரிந்ததா என்ன?

சரி, வியாதி பாஸ்டரிடமிருந்து வந்தது, மருந்தும் ஒரு பாஸ்டரிடமிருந்துதான் வரவேண்டும் என்று முடிவுசெய்து பெரிய சர்ச் ஆயரைத் தேடிப் போனேன். படித்தவர். இறையியல் கல்லூரியில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பரீட்சை எழுதியவர். மைக் மாட்டாமலே பேசுவார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நரக நெருப்பை அப்படியே நெருப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, நான் வந்து அம்மாவிடம் சொல்கிறேன்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

சொன்னபடி ஒரு சனிக்கிழமை வந்தார். பஜ்ஜி வேண்டாம் என்றார், அதுவே எனக்குப் பாதி நம்பிக்கை கொடுத்தது. அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மெதுவாக விளக்கினார். வேதத்தில் ஓர் இடத்தில் நெருப்பு என்று இருக்கிறது, இன்னோர் இடத்தில் இருட்டு என்று இருக்கிறது. நெருப்பு இருக்கிற இடத்தில் இருட்டு எப்படி இருக்கும்? ஆகவே இரண்டுமே அடையாளம். நரகம் என்பது எரிகிற இடமல்ல. கடவுளை விட்டு, எல்லோரையும் விட்டு, தனியாக இருக்கிற நிலை.

"எல்லாரையும் வுட்டுட்டா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. அது ஒரு விதமான தனிமை."

"இருட்டுலயா?"

"இருட்டு என்பதும் ஒரு அடையாளம்தான். வெளிச்சமாகிய கடவுள் இல்லாத..."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். அடக் கடவுளே, இந்த மனுஷன் நல்லது செய்கிறேன் என்று என்ன காரியம் பண்ணிவிட்டார்!

அவருக்குத் தெரியாது. எங்களுக்குத்தான் தெரியும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு ஏர் பிளாஸ்ட் நடந்தது. ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சரிவதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வீட்டில் பாத்திரமெல்லாம் ஆடும், அடுப்படியில் இருக்கிற பெண்கள் அப்படியே போட்டது போட்டபடி ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவார்கள். அன்றைக்கு நைனா உள்ளே மாட்டிக்கொண்டார். பதினொரு மணி நேரம், தனியாக. தொப்பி விளக்கு பாதியிலேயே செத்துவிட்டது. கால் முறிவு குணமாகிவிட்டது, இருட்டு குணமாகவில்லை. அன்றிலிருந்து சாகிற வரைக்கும் எங்கள் வீட்டில் விளக்கை அணைத்ததே இல்லை. கரண்ட் போனால் அந்த ஆறடி ஆள் சின்னக் குழந்தை மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மெழுகுவர்த்தி கிடைக்கிற வரைக்கும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தோ இங்கதான் கீறேன், தோ இங்கதான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இப்படிப்பட்ட ஆளை நெருப்பிலிருந்து எடுத்து இருட்டில் தனியாகப் போட்டுவிட்டுப் போனார் படித்த ஆயர். அவரைத் திட்டவும் முடியவில்லை. வாசல் வரை போய் நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா சொன்னாள். "நெருப்பாவே இருக்கட்டும்டி. வெளிச்சமாவது இருக்கும்."

அன்றைக்குத்தான் அம்மா எனக்கு இன்னொன்றையும் சொன்னாள். ஏர் பிளாஸ்ட் நடந்தால் ஷாஃப்ட் கேட்டில் நிற்கிற பெண்கள், உள்ளே இருக்கிற தன் ஆள் மேலே வருகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிட மாட்டார்களாம். யாரும் சட்டம் போடவில்லை. மாமியார் செய்தாள், மருமகளும் செய்தாள். அந்தப் பதினொரு மணி நேரமும் அம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாக்கு வறள நின்றிருக்கிறாள். யாரோ சோடா கொண்டுவந்து நீட்டினார்களாம், தட்டிவிட்டாளாம். நான் இதுவரைக்கும் அவள் நைனாவுக்காகத் தன்னைத் தண்டித்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அவள் கேட்டில் நின்றுகொண்டிருக்கிறாள். ஆள் மேலே வருவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த ஷிஃப்டுக்கு எப்போது மணி அடிக்கும்? நான் பயந்துபோனேன். கையில் கிடைத்த ஆளையெல்லாம் பிடித்தேன். வீடு வீடாக வேத விளக்கப் புத்தகம் கொடுத்துக்கொண்டு வருகிற ஒரு பெரியவரை வழிமறித்து உள்ளே கூப்பிட்டேன். அவரை யாரும் அதற்கு முன்பு உள்ளே கூப்பிட்டிருக்க மாட்டார்கள் போல, ரொம்பச் சந்தோஷமாக வந்தார். அவர் மூன்றாவது கட்சி. நெருப்பு நிஜந்தான், ஆனால் என்றென்றைக்கும் சித்திரவதை எல்லாம் கிடையாது, எரித்துச் சாம்பலாக்கி அதோடு தீர்த்துவிடும், அதற்குப் பிறகு அந்த ஆளே இல்லை, வலியும் இல்லை என்றார். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அம்மாவைப் பார்த்தேன்.

"ஆளே இல்லியா?" என்றாள். "ஒண்ணுமே இல்லாம பூடுவாரா? அவுரா? போய்யா, வேற வேலை இருந்தா பாரு."

பெரியவர் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் டயாலிசிஸ்தான் என்று கன்னடத்தில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை சொன்னார். நானே ரத்தம் எடுக்கிறவள், எந்தப் பாஷையில் சொன்னால் என்ன. அம்மா டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "இது வாய்வழியா போகல இல்ல? அப்ப கணக்குல வராது" என்றாள். அந்த இடத்திலேயே அவளை ஓர் அறை விடலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வெளியே போய் ஒரு டீ குடித்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அம்மா குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, "என்னைப் பாஸ்டர்கிட்ட இட்டுக்கினு போ" என்றாள்.

"இன்னாத்துக்கு? மிச்ச உசுரையும் எடுக்கவா?"

"நீ இட்டுக்கினு போ."

ஆட்டோவில் போனோம். மாடிப்படி ஏற அவளுக்குப் பத்து நிமிஷம் ஆனது, ஒவ்வொரு படிக்கும் நின்றாள். நான் பின்னாலேயே அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவனிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு ஏறினேன். பஜ்ஜியில் ஆரம்பிப்பதாக இருந்தேன்.

கூடத்தில் அவன் மட்டும்தான் இருந்தான். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான், சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து அம்மாவுக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அம்மா மூச்சு வாங்கி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"பாஸ்டரே, எம் பேரை வெட்டிடுங்க."

"எதுலேர்ந்தும்மா?"

"எல்லாத்துலேர்ந்தும். சின்ன வயசுல பெரிய சர்ச்சுல ஞானஸ்நானம்னு தண்ணி தெளிச்சாங்க. போன வருஷம் நீங்க தொட்டில முக்கினீங்க. தெளிச்சதையும் முக்கினதையும் ரெண்டையும் ரத்து பண்ணிடுங்க. நான் மோட்சத்துக்குப் போகல. அவுரு எங்க கீறாரோ அங்க போறேன். இருட்டோ நெருப்போ, கூட ஒரு ஆளு இருந்தா அவுரு சமாளிச்சிக்குவாரு."

நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்த இடத்திலேயே மறந்துபோனது. "அம்மா, அது... அப்படியெல்லாம் ரத்து பண்ண முடியாதும்மா" என்றான் பாஸ்டர். பக்கத்து நாற்காலியிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து மடக் மடக்கென்று குடித்தான்.

அம்மா அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஒங்கப்பா எங்க கீறாரு?"

பாட்டில் அப்படியே நின்றது. அவனுடைய அப்பாவை எங்களுக்குத் தெரியும், லைனில் எல்லோருக்கும் தெரியும். நைனாவோடு ஒரே ஷிஃப்ட். சர்ச்சும் தெரியாது, கோயிலும் தெரியாது, சாராயக் கடை மட்டும்தான் தெரியும். சுரங்கத் தூசி நெஞ்சை அடைத்து, இருமி இருமிச் செத்துப்போனார். இவன் பாஸ்டர் ஆனது அதற்குப் பிறகுதான். மைக்கில் தன் சாட்சியைச் சொல்லும்போதெல்லாம் அவன் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறான், அண்ணனைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

"தேவனுடைய சித்தம்மா அது..." என்று ஆரம்பித்தான்.

"அது தெரியும். எங்க கீறாருன்னு கேட்டேன்."

அவன் பாட்டில் மூடியைத் திருகினான். திரும்பத் திறந்தான். கீழே மொபைல் கடையில் யாரோ ரிங்டோன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அவுரு அங்க இல்லம்மா" என்றான், ரொம்பச் சின்னக் குரலில்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. என்னைத் தோள்ல தூக்கிக்கினு ஸ்கூலுக்குப் போவாரும்மா. மேட்டுல ஏறும்போது மூச்சு இழுக்கும். எறங்கிக்கிறேன் நைனான்னு அழுவேன். எறக்கவே மாட்டாரு. அவுரைப் போயி எப்படிம்மா..." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் துடைப்பான்.

"அப்ப எங்க வூட்டுக்காரரும் அங்க இல்ல" என்றாள் அம்மா. அவள் கேட்கவில்லை, அவனுக்குச் சொன்னாள்.

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இதை ஞாயித்துக்கெழமை மைக்குல சொல்லுவியா?" என்றேன். பாஸ்டர் என்கிற மரியாதையெல்லாம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"மைக்குல முடியாதுக்கா" என்றான்.

"மைக்கு எதுக்குடி? எனக்குக் கேட்டுச்சு, போதும்" என்று அம்மா என்னை அதட்டினாள். பிறகு அவன் பக்கம் கையை நீட்டினாள். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பாட்டிலைக் கொடுத்தான். அம்மா தலையை அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டாள். முதல் வாய் புரையேறியது. இருமிவிட்டு மறுபடியும் ஊற்றினாள். பாதி உள்ளே, பாதி புடவை மேலே. பாட்டில் காலியாகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

காலிப் பாட்டிலை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னும் இருக்குதா?" என்று கேட்டாள்.